கடன் ஒருவருக்கு, மிரட்டல் போன் முழுக்க

கடன் ஆப் புகார்களில் என்னிடம் முதலில் வருபவர் பல நேரம் கடன் வாங்கியவராக இருப்பதில்லை. அவருடைய அக்கா வருவார், பழைய முதலாளி வருவார். ஒரு வழக்கில் பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுநர் வந்தார். "யாருன்னே தெரியலை மேடம், அசிங்க அசிங்கமா மெசேஜ் வருது. நான் எந்தக் கடனும் வாங்கலை" என்றார்.

சைபர் குற்றப் புகார்களைக் கையாளும் வழக்கறிஞர் நான். கோயம்புத்தூர், திருப்பூர் வட்டாரத்தில் இந்தப் புகார் ஓயவே இல்லை. அந்த ஓட்டுநரின் எண் மிரட்டுகிறவன் கைக்குப் போன வழி மிகச் சாதாரணமானது. கடன் வாங்கியவர் ஆப்பைப் போனில் ஏற்றியபோது, தொடர்புப் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்டு ஒரு சிறு பெட்டி வந்திருக்கும். அவசரத்தில் 'அனுமதி' என்பதைத் தொட்டிருப்பார். அவ்வளவுதான், போனில் இருந்த அத்தனை பெயர்களும் எண்களும் ஆப்பை நடத்துகிறவர்களின் சர்வருக்கு நகலாகிவிடும். நாம் பெயர்களைச் சேமிக்கும் விதமே உறவைக் காட்டிக்கொடுத்துவிடும்: 'அம்மா', 'பெரிய மச்சான்', 'மேனேஜர் சார்', 'பாப்பா ஸ்கூல் வேன்'. எந்த எண்ணைத் தொட்டால் இந்த மனிதருக்கு வலிக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு செட்டிங்ஸில் போய் அனுமதியை நிறுத்தினாலோ ஆப்பையே நீக்கினாலோ, அதற்கு மேல் எடுப்பது நிற்கும். போனது போனதுதான். இருப்பிடம், கேமரா, மைக் மூன்றுக்கும் ஆண்ட்ராய்டு 11-லிருந்து 'இந்த முறை மட்டும்' என்று அனுமதிக்க வழி உண்டு. தொடர்புப் பட்டியலுக்கு அப்படி இல்லை. 2024-ல் வந்த ஐஓஎஸ் 18 முதல், ஐபோன்காரர்கள் தாங்கள் தேர்ந்தெடுத்த சில எண்களை மட்டும் ஓர் ஆப்புக்குக் காட்டலாம்.

கடனின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 5,000 ரூபாய்க்கு விண்ணப்பித்தால் கையில் மூவாயிரம் சொச்சம்தான் வரும். மீதி 'பிராசஸிங் ஃபீஸ்' என்று முன்னாலேயே பிடிக்கப்பட்டிருக்கும். ஏழே நாளில் 5,000 முழுசாகத் திருப்ப வேண்டும். முடியாதபோது அந்த ஆப்பே இன்னொரு ஆப்பைக் காட்டும், அதில் வாங்கி இதை அடைக்கச் சொல்லும். தவணை நாளுக்கு முன்பே மிரட்டல் தொடங்குவதையும் பார்த்திருக்கிறேன். முதலில் அவருக்கு மட்டும் வரும். அடுத்து, கேஒய்சிக்காக, அதாவது ஆள் அடையாளச் சரிபார்ப்புக்காக, எடுத்த செல்ஃபியை ஆபாசப் படத்தோடு ஒட்டி அவருக்கே அனுப்புவார்கள், பின்னாலேயே 'இதை யார் யாருக்கு அனுப்பப்போகிறோம் பார்' என்று பத்துப் பெயர்கள் வரும். பயந்து கட்டியவர்களை விட்டுவிடுவார்கள் என்று நம்ப வேண்டாம். கட்டிய மறுநாளே 'வட்டி பாக்கி' என்று மெசேஜ் வந்த போன்களை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். பயத்துக்கு விலை கொடுக்கிறவர் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

இது எதற்கும் சட்டத்தில் இடமில்லை. கடன் ஆப்கள் போனில் உள்ள கோப்புகள், தொடர்புப் பட்டியல், அழைப்பு விவரங்கள் எதையும் தொடக்கூடாது என்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கேமரா, மைக், இருப்பிடம் போன்றவற்றை, கேஒய்சி போன்ற தொடக்க வேலைக்காக ஒரே ஒரு முறை, வாடிக்கையாளர் சம்மதத்தோடு பயன்படுத்தலாம். 2025 மே மாதம் வந்த டிஜிட்டல் கடன் நெறிமுறைகளிலும் இதே நிலைதான். பணம் கடன் கொடுக்கும் வங்கி அல்லது நிதி நிறுவனத்திடமிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வர வேண்டும், திரும்பவும் நேராக அங்கேயே போக வேண்டும், யாரோ தனிநபரின் யுபிஐ எண்ணுக்கு அல்ல. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. குடும்பத்தார், நண்பர்களின் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் தனிச் சுற்றறிக்கையே வந்தது. கூகுளும் 2023 மே 31 முதல், பிளே ஸ்டோரில் உள்ள தனிநபர் கடன் ஆப்கள் தொடர்புகளையும் புகைப்படங்களையும் கேட்பதைத் தடை செய்தது.

அதனால் சோதனை எளிதாகிவிட்டது. கடன் தரும் ஆப் தொடர்புப் பட்டியலைக் கேட்டால், அது விதியை மீறுகிற ஆப். வட்டி விகிதத்தைப் பார்க்கவே வேண்டாம், அங்கேயே நிறுத்திவிடுங்கள். ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2021 ஜனவரி, பிப்ரவரியில் இந்திய ஆண்ட்ராய்டு பயனர்களுக்குக் கிடைத்த கடன் ஆப்களைத் தேடியபோது சுமார் 1,100 ஆப்கள் அகப்பட்டன; அதில் 600 சட்டவிரோதமானவை என்று அறிக்கை சொன்னது. இன்று என்னிடம் வருகிறவர்களில் பலர் பிளே ஸ்டோர் பக்கமே போயிருப்பதில்லை. வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ வந்த ஏபிகே கோப்பை (ஸ்டோர் இல்லாமல் நேராக ஆப்பை ஏற்றும் கோப்பு) தொட்டிருப்பார்கள். கூகுளின் தடை அங்கே எட்டாது.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-ஐ நான் வகுப்புகளில் விளக்கும்போது ஆறாம் பிரிவில் உள்ள ஓர் உதாரணத்தைத்தான் படித்துக் காட்டுவேன். ஒருவர் தொலைமருத்துவ ஆப் ஒன்றை இறக்குகிறார். அது சிகிச்சைக்கான விவரங்களுக்கும் போனின் தொடர்புப் பட்டியலுக்கும் சேர்த்துச் சம்மதம் கேட்கிறது. அவர் இரண்டுக்கும் சரி என்கிறார். சிகிச்சைக்குத் தொடர்புப் பட்டியல் தேவையில்லை, ஆகவே சம்மதம் சிகிச்சை விவரங்களுக்கு மட்டுமே செல்லும் என்கிறது சட்டம். 'நான்தான் சரின்னு அமுக்கிட்டேனே மேடம்' என்று குற்ற உணர்வோடு உட்கார்ந்திருப்பவருக்கு இந்த நாலு வரி பெரிய தெம்பு. சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். தாமதம் எனக்கு ஏற்பில்லை, ஆனாலும் திசை சரி.

என்னை இதில் அதிகம் உறுத்துவது வேறு. அக்காவின் எண் அக்காவின் தகவல். அதை நாம் போனில் வைத்திருப்பது சொந்த உபயோகம், சட்டம் அதில் தலையிடாது. அள்ளிக்கொண்டு போகிற நிறுவனத்துக்கு அந்த விலக்கு கிடையாது. அக்காவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நம் ஒரு விரல் தொட்டதில் அவர் பெயரும் எண்ணும் போய்விட்டன. அனுமதிப் பெட்டியைப் பார்க்கும்போது 'எனக்கு என்ன ஆகும்' என்று மட்டுமே யோசிக்கப் பழகியிருக்கிறோம். கடன் ஆப் மட்டுமல்ல, தொடர்புகளைக் கேட்கும் எந்த ஆப்புக்கும் இது பொருந்தும். டார்ச் லைட் ஆப்புக்கும் போட்டோ எடிட்டருக்கும் உங்கள் அத்தையின் எண் எதற்கு?

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு இனி.

"நம்பரை மாத்திட்டா விட்டுடுவானா மேடம்?" என்று கேட்காதவர்கள் குறைவு. மாற்றாதீர்கள். பட்டியல் அவனிடம் இருக்கிறது, உங்களைப் பிடிக்க முடியாவிட்டால் அதில் உள்ளவர்களிடம் போவான். போனை ரீசெட் செய்யவும் வேண்டாம், சாட்சியம் அதில்தான் இருக்கிறது. மிரட்டல் மெசேஜ்களை அனுப்பியவரின் எண்ணும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆப்பின் பெயர், வந்த லிங்க், பணம் போன யுபிஐ ஐடி, பரிவர்த்தனை எண், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்து, சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் பதியுங்கள். ஆபாசப் படம் சம்பந்தப்பட்டிருந்தால் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்கென்று அங்கே தனிப் பகுதி உண்டு. 'எங்கள் எல்லை இல்லை' என்று காவல் நிலையத்தில் சொன்னால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இன் 173-ஆம் பிரிவின்படி எல்லை பாராமல் புகாரை வாங்க வேண்டும் என்று தயங்காமல் சொல்லுங்கள். மிரட்டிப் பணம் பறிப்பது தண்டனைச் சட்டமான பிஎன்எஸ்-இன் 308-ஆம் பிரிவின் கீழ் 7 ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதுதான் எல்லோருக்கும் கடினம். வீட்டில் சொல்வது. மிரட்டுகிறவர்களின் ஒரே ஆயுதம், உங்கள் ஆட்களுக்கு உங்களுக்கு முன்னால் அவர்கள் போய்ச் சொல்வது. அந்த இடத்தை நீங்கள் எடுத்துக்கொண்டால் அவர்களிடம் மிஞ்சுவது ஒட்டுப்போட்ட ஒரு பொய்ப் படம். 'என் போன் தகவல்களை ஒரு மோசடி ஆப் திருடிவிட்டது. என் பெயரில் படமோ மிரட்டலோ வந்தால் பதில் சொல்ல வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள். போலீஸில் புகார் கொடுத்திருக்கிறேன்.' புகார் பதிந்த கையோடு இதை ஸ்டேட்டஸில் வையுங்கள். கடன் வாங்கிய காரணத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்த மிரட்டலில் உயிரை விட்டவர்கள் உண்டு. அந்த எண்ணம் தலைகாட்டினால் எந்த நேரமும் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

படம் வந்து சேர்ந்த பக்கத்தில் இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. அதைக் குடும்ப குரூப்பில் போட்டு 'இது நிஜமா?' என்று கேட்காதீர்கள். நிஜமா பொய்யா என்று தெரியாமல் பகிர்ந்தாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு உங்கள் மேலும் பாயலாம். அந்த நபரைக் கூப்பிட்டு 'வந்துச்சு, நான் நம்பலை, என்ன உதவி வேணும்?' என்று கேளுங்கள். பிறகு உங்களுக்கு வந்த மிரட்டலுக்கு உங்கள் பெயரிலேயே தனிப் புகார் கொடுங்கள். அந்த வேன் ஓட்டுநர் அதைத்தான் செய்தார். உங்களிடம் வந்த மிரட்டலில் பாதிக்கப்பட்டவர் நீங்கள்தான், புகார் கொடுக்க வேறு யாருடைய அனுமதியும் உங்களுக்குத் தேவையில்லை.