“எங்களுக்கெல்லாம் அது வராது மிஸ்”

ராமநாதபுரத்தில் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் கடற்கரைப் பள்ளிகளுக்குப் போவேன். ஒரு வாரம் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் என்றால், அடுத்த வாரம் கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம். என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் தாங்களாக வருவதில்லை, யாராவது அனுப்பி வைப்பார்கள். “வாயே திறக்க மாட்டேங்குறா”, “படிப்புல நாட்டமே இல்ல”, “எதைச் சொன்னாலும் முறைக்கிறான்” என்று சொல்லித்தான் அனுப்புவார்கள்.

பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் சில பிள்ளைகளின் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வரும். “எங்களுக்கெல்லாம் அது வராது மிஸ்.” இங்கிலீஷ் வராது, கணக்கு வராது, காலேஜ் சரிப்படாது, மேடையில் பேச வராது என்று “அது” ஆளுக்கு ஆள் மாறும், “எங்களுக்கெல்லாம்” மட்டும் மாறாது. கணக்கில் தடுமாறும் பிள்ளை “எனக்குக் கணக்கு வரல” என்று சொன்னால் அது கணக்குப் பிரச்சினை, உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் முக்கால்வாசி தீர்ந்துவிடும். “எங்களுக்கெல்லாம்” என்று சொல்லும் பிள்ளை தனக்காகப் பேசவில்லை. தன் தெரு, தன் சாதி, தன் நிறம், தான் பெண் என்பது, தான் முகாமில் பிறந்தது என்று ஒரு கூட்டத்தின் பேரால் பேசுகிறது, யாரோ எப்போதோ அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னதை என்னிடம் ஒப்பிக்கிறது. “நமக்கெல்லாம்” என்றாவது சொன்னால் நானும் அதற்குள் இருப்பேன். “எங்களுக்கெல்லாம்” என்று சொல்லும்போது என்னை வெளியே நிறுத்திவிட்டுத்தான் பேசுகிறது.

கீழே சொல்லப்போகும் பிள்ளைகளின் விவரங்களை, அவர்களை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக, மாற்றியும் கலந்தும் எழுதியிருக்கிறேன். நடந்த விஷயத்தை மாற்றவில்லை.

ஏழாம் வகுப்புப் பெண், மண்டபம் முகாமைச் சேர்ந்தவள். 2021இல் தமிழக அரசு “அகதிகள் முகாம்” என்ற பெயரை “இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்” என்று மாற்றியது, நல்ல காரியம்தான், ஆனால் பள்ளிக்கூட மைதானத்தில் இன்னும் “கேம்ப்காரி” என்றுதான் கூப்பிடுகிறார்கள். இவள் பிறந்ததே இந்தியாவில். இலங்கையைப் பார்த்ததில்லை. வளர்த்தது பாட்டி, அதனால் வீட்டில் பேசுவது பாட்டியின் இலங்கைத் தமிழ். மெதுவாகக் கற்கும் பிள்ளையோ என்று சந்தேகம், பரிசோதித்துச் சொல்லுங்கள் என்று பள்ளியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். பரிசோதித்தேன். வயதுக்கு மேற்பட்ட வாசிப்புத் திறன் இருந்தது. அப்புறம் ஏன் வகுப்பில் ஒரு கேள்விக்கும் பதில் சொல்வதில்லை?

மூன்றாவது சந்திப்பில்தான் சொன்னாள். நான்காம் வகுப்பில் ஒருநாள் ஏதோ ஒரு பாடம் புரியாமல் எழுந்து நின்று “விளங்கேல்லை டீச்சர்” என்றிருக்கிறாள். வகுப்பே சிரித்தது. ஆசிரியையும் சிரித்தார், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், கேட்க வேடிக்கையாக இருந்ததால் சிரித்திருப்பார். அன்றிலிருந்து பையன்கள் அவளைப் பார்த்தாலே “விளங்கேல்லை, விளங்கேல்லை” என்று இழுக்க ஆரம்பித்தார்கள். புரியவில்லை என்று சொல்வதற்கு அந்தப் பிள்ளையிடம் இருந்த சொல் அது ஒன்றுதான். அதைச் சொன்னதற்குத்தான் சிரிப்பு கிடைத்தது. மூன்று வருடமாக எது புரியாவிட்டாலும் அவள் சொல்லவில்லை. புரியாதது ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்தது, மதிப்பெண் இறங்கியது, “கேம்ப் பிள்ளைங்க கொஞ்சம் அப்படித்தான்” என்று சொன்னவர்களுக்கு அதுவே சாட்சி ஆகிவிட்டது.

எனக்கு இதில் மிகவும் கவலை தருவது இந்தச் சுழற்சிதான். ஒரு பிள்ளையை ஒரு முத்திரைக்குள் அடைக்கிறோம், பிள்ளை முயல்வதை நிறுத்துகிறது, நிறுத்தியதைப் பார்த்துவிட்டு “பாத்தியா, நான் சொன்னேன்ல” என்கிறோம்.

இது நான் மட்டும் சொல்வதில்லை. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேச கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். காகிதத்தில் சிக்கல் பாதைகள் வரைந்து கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொல்வது, கண்டுபிடித்த ஒவ்வொன்றுக்கும் காசு. யாருடைய சாதியையும் சொல்லாமல் நடத்தியபோது ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களும் உயர்த்திக்கொண்ட சாதிப் பையன்களும் ஏறக்குறைய ஒரே அளவில் கண்டுபிடித்தார்கள். பிறகு வேறு குழுக்களில், தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு பையனின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் எல்லோர் முன்னாலும் வாசித்தார்கள். அவ்வளவுதான் செய்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் கண்டுபிடித்த எண்ணிக்கை நன்றாகக் குறைந்துவிட்டது. விளையாட்டும் காசும் அதேதான், புதிதாகச் சேர்ந்தது அந்த வாசிப்பு ஒன்றுதான். நம் வகுப்பறைகளில் உதவித்தொகைக் கணக்குக்காக “எஸ்சி பிள்ளைங்க எல்லாம் எந்திரிங்க”, “கேம்ப் பிள்ளைங்க கை தூக்குங்க” என்று சொல்லும் இடங்களில் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும்.

அமெரிக்காவில் 1995இல் கிளாட் ஸ்டீல், ஜோஷுவா அரோன்சன் இருவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கறுப்பின மாணவர்களிடமும் வெள்ளையின மாணவர்களிடமும் இதைப் போன்ற ஒன்றைப் பார்த்தார்கள். கடினமான ஒரு தேர்வை “உங்கள் அறிவுத்திறனை அளக்கிறோம்” என்று சொல்லிக் கொடுத்தபோது கறுப்பின மாணவர்கள் பின்தங்கினார்கள், அதே தேர்வைச் சும்மா ஒரு பயிற்சி என்று சொல்லிக் கொடுத்தபோது அந்த இடைவெளி பெரிதும் சுருங்கியது. பின்னால் வந்த மறு ஆய்வுகள் சிலவற்றில், குறிப்பாகப் பெண்களையும் கணக்கையும் வைத்துச் செய்தவற்றில், இந்த விளைவு மிகச் சிறியதாகவோ இல்லாமலோ போயிருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தேர்வு அறையில் ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிறது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். பத்து வருடம் தினமும் கேட்டு வளரும் பிள்ளைக்கு என்ன ஆகிறது என்பதை நான் என் அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து நிறம். வெயிலும் உப்புக்காற்றும் உள்ள ஊர் இது, அப்படியிருந்தும் “கருவாச்சி”, “கருப்பட்டி”, “லைட்டைப் போடு, ஆள் தெரியல” எல்லாம் இங்கே வீட்டுக்குள்ளேயே சொல்கிற செல்லப் பேச்சு. பாசத்தோடு சொல்வதுதான், அதனால்தான் பிள்ளையால் கோபப்படவும் முடிவதில்லை. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி பள்ளி ஆண்டுவிழா நடனத்தில் எப்போதும் பின்வரிசையில்தான் நிறுத்தப்படுவதாகச் சொன்னாள். நன்றாக ஆடுகிறவள். “கலரா இருக்கிறவங்க முன்னாடி நில்லுங்க” என்று ஒரு குரல் ஒருமுறை சொன்னது போதும், அடுத்த வருடம் யாரும் சொல்லாமலே அவளாகப் பின்னால் போய் நின்றாள். அதற்கடுத்த வருடம் நடனத்தில் சேரவே இல்லை. அக்கா சொன்னாள் என்று மருந்துக் கடையில் ஒரு டியூப் வாங்கிப் பூச ஆரம்பித்திருந்தாள்.

பெற்றோர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் “வெள்ளையாக்கும்” களிம்புகள் பலவற்றில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டுகள் இருக்கின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாதவை. முதல் சில வாரம் முகம் பளிச்சென்று தெரியும், பிறகு தோல் மெலிந்து சிவக்கும், வெயில் பட்டால் எரியும், பரு கொப்பளிக்கும், சிலருக்கு முகத்தில் முடி வளரும். பயந்துபோய் நிறுத்தினால் முன்பைவிட மோசமாகும், அதனால் திரும்பப் பூசுவார்கள். இந்தப் பெண்ணைத் தோல் மருத்துவரிடம் அனுப்பி, முகம் பழைய நிலைக்கு வர எட்டு மாதம் ஆனது. பையன்களும் வாங்குகிறார்கள், வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பையன்களைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் ஆண் பெண் பாகுபாடு என்றாலே பெண் பிள்ளைகள் விஷயம் என்று நினைத்துவிடுகிறோம். பதினைந்து வயதுப் பையன், விசைப்படகில் போன அப்பாவை இலங்கைக் கடற்படை பிடித்துச் சிறையில் வைத்திருந்தது. ராமேஸ்வரம் பக்கம் இது புதிதில்லை. பெட்டிஷன் எழுதுவது, சங்கத்துக்கு அலைவது, ஏஜெண்டிடம் வாங்கிய முன்பணத்துக்குப் பதில் சொல்வது என்று வீடே தலைகீழாகியிருந்த நேரத்தில், வந்த உறவினர் அத்தனை பேரும் அவன் தோளைத் தட்டி ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார்கள். “இனிமே நீதான்டா வீட்டுக்கு ஆம்பள.” கூடவே இன்னொன்று, “நீ அழுதா அம்மா என்னடா ஆவா?” அவனுக்கு நெஞ்சுவலி வர ஆரம்பித்தது. இசிஜி எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பள்ளியில் யாரோ அப்பாவைப் பற்றிக் கேட்டதற்கு அவனைப் போட்டு அடித்துவிட்டான். அடித்ததற்காகத்தான் என்னிடம் அனுப்பினார்கள், இரண்டு மாதம் தூங்காததற்காக யாரும் அனுப்பவில்லை. என் எதிரே உட்கார்ந்து முதல் முறை அழுதபோது அவன் கேட்டது, “மிஸ், கதவு மூடியிருக்கா?”

இந்தியாவில் தற்கொலையால் இறப்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கும் அதைத்தான் சொல்கிறது. அழாமல் வளர்த்த பிள்ளைகள் உதவி கேட்கவும் தெரியாமல் வளர்கிறார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வீட்டில் இப்படி ஒரு பையன் ஒடுங்கிப் போயிருந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள், டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

பெண் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதனால் நீட்டவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். சின்னப்பாலத்திலும் பாரதி நகரிலும் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, சேலைக்கு மேல் ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு, மூச்சடக்கிக் கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கிறார்கள். தீவுப் பாறையில் கை கிழியும். அப்படி ஒரு அம்மா தன் மகளைப் பற்றி என்னிடம் சொன்னார், “பொம்பளப் பிள்ள பாருங்க, தைரியம் பத்தல, வெளியூர்ல போயிப் படிக்க முடியாது.” நான் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “நீங்க எத்தன வயசுலங்க முங்க ஆரம்பிச்சீங்க?” என்று கேட்டேன். “பத்து வயசு இருக்கும்” என்றவர், அதற்கு மேல் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. மகள் இப்போது மதுரையில் நர்சிங் படிக்கிறாள்.

பாராட்டாகச் சொல்லும் முத்திரையும் முத்திரைதான் என்பதைப் பலர் ஏற்றுக்கொள்வதில்லை. “மீனவப் பிள்ளைகளுக்குப் பயமே கிடையாது” என்று மேடையில் சொல்வார்கள். கீழே கடலைக் கண்டாலே நடுங்கும் பையன் ஒருவன் உட்கார்ந்திருப்பான், அவன் தன்னை யாரென்று நினைத்துக்கொள்வான்? இந்த மாவட்டத்துக்கே ஒரு முத்திரை இருக்கிறது, “தண்ணியில்லாக் காடு”. தண்டனையாக இங்கே மாற்றல் வாங்கி வந்ததாக நினைக்கும் ஓர் ஆசிரியர், எதிரே உட்கார்ந்திருக்கும் நாற்பது பிள்ளைகளையும் அந்தத் தண்டனையின் பகுதியாகப் பார்த்தால், அதைப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

“கலாம் வரலையா, அவரும் இந்த ஊர்தானே, மனசு இருந்தா எல்லாம் முடியும்” என்று என்னிடம் சொல்பவர்கள் நிறைய. அவர் சிறுவயதில் நடந்த ஒன்றை அவரே எழுதியிருக்கிறார். ராமேஸ்வரத்தில் ஐந்தாம் வகுப்பு. தொப்பி போட்ட கலாமும், பூணூல் போட்ட நண்பர் ராமநாத சாஸ்திரியும் முன்வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். புதிதாக வந்த ஆசிரியர் கலாமை எழுப்பிக் கடைசி வரிசைக்கு அனுப்புகிறார். நண்பன் அழுகிறான். இரண்டு பேரும் வீட்டில் போய்ச் சொல்கிறார்கள். நண்பனின் அப்பா லட்சுமண சாஸ்திரி, கோயிலின் தலைமை அர்ச்சகர், அந்த ஆசிரியரைக் கூப்பிட்டு, பிள்ளைகள் மனதில் இந்த விஷத்தைப் பரப்பாதே என்று நேருக்கு நேர் சொல்கிறார். ஆசிரியர் வருந்தி மாறினார் என்றும் கலாம் எழுதுகிறார். நாம் கலாமின் மன உறுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அன்று ஒரு பெரியவர் குறுக்கே வந்ததை விட்டுவிடுகிறோம். அந்தப் பிள்ளையிடம் “நீ மனச உறுதியா வச்சுக்க” என்று யாரும் சொல்லவில்லை. தப்புச் செய்த பெரியவரிடம் இன்னொரு பெரியவர் பேசினார்.

ஆசிரியர்களிடமும் பெற்றோர்களிடமும் நான் கேட்பது அதுதான். பிள்ளையை “தைரியமா இரு” என்று தேற்றுவது அப்புறம். முதலில் சிரித்த வகுப்பிடம் பேசுங்கள், கருவாச்சி என்ற சித்தியிடம் பேசுங்கள், தோளைத் தட்டிய மாமாவிடம் பேசுங்கள், அதுவும் பிள்ளையின் காதில் விழும்படி பேசுங்கள். விவரம் சேகரிக்க வேண்டுமென்றால் தனியாகக் கூப்பிட்டு எழுதிக்கொள்ளுங்கள். “உங்க ஆளுங்க” என்ற சொல்லை வகுப்பறையில் எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்தாதீர்கள்.

அந்த முகாம் பெண்ணின் பள்ளியில் தமிழாசிரியை ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் என்னைவிட நல்ல யோசனை வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு வீட்டுச் சொல் கொண்டு வாருங்கள் என்று வகுப்புக்குச் சொல்லி, கரும்பலகையில் எழுதிப் போட ஆரம்பித்தார். முஸ்லிம் வீடுகளிலிருந்து உம்மா, வாப்பா, லாத்தா வந்தது. வாடை, கொண்டல், சோழகம் என்று காற்றின் பெயர்கள் வந்தன. “விளங்கேல்லை”யை ஆசிரியையே முதல் ஆளாக எழுதி, விளங்குதல் என்றால் என்ன, திருக்குறள் உரைகளில் அது எங்கெல்லாம் வருகிறது என்று பாடம் நடத்தியிருக்கிறார்.

ஒருநாள் நான் போயிருந்த நேரம் வகுப்பில் ஒரே சத்தம். படகுக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் “கச்சான்” என்று எழுதி, மேற்கேயிருந்து அடிக்கிற காத்து என்று அர்த்தம் சொல்லியிருக்கிறான். மூன்று வருடமாக வாய் திறக்காத அந்தப் பெண் எழுந்து நின்று, கச்சான் எண்டால் கடலை, எங்கட அம்மம்மா வறுத்துத் தாறவா என்று அவனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள்.