கிளிப்புக்கும் ஈறுக்கும் நடுவில்

பல்லுக்குக் கிளிப் போட்ட பிள்ளைகளை மாதாமாதம் அழைத்து வரும் பெற்றோர், அவர்கள் நாற்காலியில் உட்காரும் முன்பே புகாரைத் தொடங்கிவிடுவார்கள். "ஒழுங்காவே பல்லு விளக்க மாட்டேங்குறா டாக்டர், நீங்களாவது சொல்லுங்க." தொழிலுக்கு வந்த புதிதில் நானும் சேர்ந்து திட்டியிருக்கிறேன். அடுத்த மாதமும் அதே அழுக்கோடுதான் வருவார்கள்.

போன வருடம் வந்த பதினொன்றாம் வகுப்பு மாணவி, "ரெண்டு வேளையும் தேய்க்கிறேன் டாக்டர்" என்று கலங்கிய கண்ணோடு சொன்னாள். அவள் சொன்னது பொய்யில்லை. பல்லில் படிந்த கிருமிப் படலத்தை நிறம்காட்டும் சாயத்தைத் தடவி, கையில் கண்ணாடியைக் கொடுத்தேன். பற்களின் நுனி பளிச்சென்று இருந்தது. பிராக்கெட்டுக்கும் (கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டு) ஈறுக்கும் இடையில் இருக்கும் ஒடுக்கமான பட்டை மட்டும் மருதாணி பூசியது போலச் சிவந்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நான் கம்பி மேலயே தேய்ச்சிருக்கேன்" என்றாள்.

பிரஷ்ஷை அவள் கையிலேயே கொடுத்தேன். முதலில் மேல்வரிசை. பிராக்கெட்டுக்கு மேலே ஈறைப் பார்த்துச் சாய்த்து ஒரு சுற்று, பிறகு பிராக்கெட்டுக்குக் கீழே மேல்நோக்கிச் சாய்த்து ஒரு சுற்று. அதன் பின் பல்லிடுக்கு பிரஷ்: பால்புட்டி கழுவும் பிரஷ்ஷின் குட்டி வடிவம் அது. ஒவ்வொரு பிராக்கெட்டின் இருபுறமும் கம்பிக்கு அடியில் நுழைத்து எடுக்க வேண்டும். கீழ்வரிசையையும் முடித்துச் சிவப்பு முழுவதும் போக ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது. வீட்டில் அவள் தேய்த்துக்கொண்டிருந்தது ஒரு நிமிடம்தான்.

அந்தப் பட்டைக்காக நான் இவ்வளவு கவலைப்படக் காரணம் உண்டு. படலத்தில் இருக்கும் கிருமிகள் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் தின்று அமிலம் சுரக்கின்றன. அமிலம் கூடக் கூடக் குறையும் பிஎச் அளவு 5.5க்குக் கீழே போனால், பல்லின் வெளி ஓடான எனாமலில் இருந்து தாதுக்கள் கரையத் தொடங்கும். படலம் அப்படியே கிடந்தால் 4 வாரத்திலேயே சுண்ணாம்பு தடவியது போன்ற வெள்ளைத் திட்டு வந்துவிடலாம். வலிக்காது, குழியும் தெரியாது. கிளிப்பைக் கழற்றும் நாளில் பல் நேராக இருக்கும், பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றி மட்டும் வெள்ளையாக ஒரு தடம் நிற்கும். இரண்டு வருடம் பொறுத்திருந்த பிள்ளை அதைக் கண்ணாடியில் பார்த்து வாடிப்போவதை என்னால் தாங்க முடிவதில்லை. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் எச்சிலும் ஃப்ளூரைடும் ஓரளவு சரிசெய்யும். ஆனால் எல்லாத் திட்டும் முழுதாக மறையாது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குடிநீரில் அளவுக்கு மீறி இருக்கும் ஃப்ளூரைடால் முன்பே வெள்ளைக் கறை இருக்கக்கூடும். அதனால் கிளிப் போடும் முன் படம் எடுத்து வைத்துவிடுவேன்.

"ரத்தம் வருது, அதான் அந்த இடத்த விட்டுட்டேன்" என்று பலர் சொல்கிறார்கள். ரத்தம் வருவதே அங்கே படலம் தங்கியதால்தான். மென்மையான பிரஷ்ஷால் தினமும் அந்த இடத்தைத் தேய்த்தால் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் நின்றுவிடும். ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட்டாகப் பார்த்து வாங்குங்கள். தேய்த்ததும் நுரையைத் துப்பினால் போதும், வழக்கம்போல நாலு தடவை கொப்பளித்தால் ஃப்ளூரைடும் கழுவிக்கொண்டு போய்விடும். தூக்கத்தில் எச்சில் குறைவாகச் சுரப்பதால் இரவுத் தேய்ப்பை மட்டும் விடவே கூடாது.

முறுக்கு, கடலைமிட்டாய், கரும்பு எல்லாம் பிராக்கெட்டைப் பெயர்க்கும் என்று எல்லா வீட்டுக்கும் தெரியும். பெயர்ந்தால் மறுபடி ஒட்டிவிடலாம். டியூஷனில் மணிக்கணக்காகக் கொறிக்கும் கிரீம் பிஸ்கட்டும், மடக்கு மடக்காகக் குடிக்கும் குளிர்பானமும் செய்யும் சேதத்தை அப்படி ஒட்ட முடியாது. சாப்பிடுவதை ஒரே வேளையில் முடித்து, தண்ணீரால் வாயை அலசச் சொல்லுங்கள்.

பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றுதான். "தேய்ச்சியா?" என்று விசாரிப்பதை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளையே தன் பல்லைச் செல்போனில் படம் எடுத்துப் போன வாரத்துப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

அந்த மாணவி அடுத்த மாதம் வந்தபோது, "அந்தச் சாயத்தைப் போடுங்க டாக்டர்" என்று அவளே கேட்டாள். கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கும் முன் வலது கோரைப்பல்லின் மேல் விரலை வைத்து, "இங்க மட்டும் இன்னும் இருக்கு" என்றாள்.