நாற்பதாயிரமா, இருபதாயிரமா? கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு கணக்காளர்

2023 மே மாதக் கடைசியில் பெருமாட்டிப் பக்கமிருந்து ஓர் அப்பாவும் மகளும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். அப்பா நாற்காலியில் உட்காரும் முன்பே பேசத் தொடங்கிவிட்டார். "சார், நாற்பதாயிரத்தை விட்டுவிட்டு இருபதாயிரத்துக்குப் போகிறேன் என்கிறாள். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்." மகள் ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று கோவை சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஆஃபர் லெட்டர். இன்னொன்று சித்தூர் வட்டத்தில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் நாள் கூலி ஆசிரியர் பணிக்கான கடிதம்.

இருபது வருடத்துக்கு மேலாக இந்தக் கேரள–தமிழ்நாடு எல்லைப் பகுதியில் வருமான வரிக் கணக்கும் சிறு தொழிற்சாலைகளின் சம்பளப் பட்டியலும் எழுதி வருகிறேன். வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம் ஆகிய மூன்று வழிகளிலும் தினமும் காலையில் தமிழ்நாட்டுக்கு வேலைக்குப் போகிற கூட்டத்தில் பாதிப் பேருடைய சம்பளச் சீட்டையாவது நான் பார்த்திருப்பேன். கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டைக்குப் போகிறவர்களுடையதும் அப்படித்தான். மனதுக்குப் பிடித்த வேலையா, சம்பளம் கூடுதலான வேலையா என்று கேட்டு வருபவர்கள் வருடத்துக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். மனதைப் பற்றி ஆலோசனை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அவர்கள் கொண்டுவரும் சம்பள எண் அநேகமாக எப்போதும் தவறாக இருக்கிறது. தவறான எண்ணை வைத்துக்கொண்டு குடும்பமே சண்டை போடுவதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

அந்தப் பெண்ணின் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 4,80,000 ரூபாய் என்று போட்டிருந்தது. அப்பா அதைப் பன்னிரண்டால் வகுத்து நாற்பதாயிரம் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தார். கடைசிப் பக்கத்து அட்டவணையைத் திருப்பிக் காட்டினேன். அதில் 48,000 ரூபாய் செயல்திறன் ஊக்கத்தொகை. ஆண்டு முடிவில், நிறுவனம் மனது வைத்தால் வருவது. அடிப்படைச் சம்பளம் 20,000. அதில் பன்னிரண்டு சதவீதம் நிறுவனத்தின் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கு, மாதம் 2,400, ஆண்டுக்கு 28,800. அதையும் அவருடைய சம்பளத்துக்குள்ளேயே சேர்த்திருந்தார்கள். கிராஜுவிட்டி என்னும் பணிக்கொடைக்கென்று 4.81 சதவீதம், ஆண்டுக்கு 11,544. நிரந்தரப் பணியாளருக்கு ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தால்தான் அது கைக்கு வரும். இடையில் விலகினால் கிடையாது. குழுக் காப்பீட்டு பிரீமியம் 6,000. இவ்வளவையும் கழித்தால் மாதம் 32,138. அதிலிருந்து அவருடைய பங்கு பி.எஃப். 2,400, தொழில் வரிக்கு மாதம் சுமார் 200. கைக்கு வருவது ஏறக்குறைய 29,500.

"நாற்பது எங்கே போனது சார்?" என்றார் அப்பா. எங்கும் போகவில்லை. அது முதலிலிருந்தே அவர் கைக்கு வரவேண்டிய பணமாக இருக்கவில்லை.

அடுத்து நேரத்தைக் கேட்டேன். வீட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறை, அங்கிருந்து வேலந்தாவளம் வழியாக உக்கடம், உக்கடத்திலிருந்து சரவணம்பட்டி. மூன்று பஸ். கோவையில் அரசின் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அந்தச் செலவு மிச்சம். இருந்தும் பஸ்ஸுக்கு மாதம் 2,200, வெளியில் சாப்பாடு தேநீருக்கு 2,300. மீதி 25,000. ஒன்பது மணி நேர வேலை, போக வர நான்கு மணி நேரம். மாதம் இருபத்திரண்டு நாளுக்கு 286 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 87 ரூபாய்.

பள்ளி வேலைக்கும் அதே மாதிரி எழுதினோம். வேலை நாட்களைக் கணக்கிட்டால் மாதம் இருபதாயிரத்தை ஒட்டி வரும். ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் 800. வீட்டில் பாடம் தயாரிக்கும் நேரத்தையும் சேர்த்து நாளுக்கு ஏழரை மணி நேரம், மாதம் இருபத்தொரு நாள். ஒரு மணி நேரத்துக்கு 122 ரூபாய்.

மகளின் முகம் மலர்ந்தது. நான் அங்கே நிறுத்தவில்லை. ஏனென்றால் நாள் கூலி ஆசிரியருக்கு மார்ச்சில் பள்ளி மூடினால் ஜூனில் திறக்கும் வரை சம்பளம் இல்லை. நிரந்தர ஆசிரியர் வந்து சேர்ந்தால் அந்த நாளோடு வேலை போய்விடும். பி.எஃப். கிடையாது. ஆண்டுக் கணக்கில் ஒரு பக்கம் 3,00,000, மறுபக்கம் 1,92,000. வித்தியாசம் 1,08,000, மாதத்துக்கு 9,000.

பாருங்கள், அந்த வீட்டில் இரண்டு வாரமாக நடந்த சண்டை இருபதாயிரத்துக்காக. உண்மையான வித்தியாசமோ ஒன்பதாயிரம். ஒன்பதாயிரமும் சின்னத் தொகையில்லை. அது இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று நிதானமாகப் பேசினோம். அப்போதுதான் அப்பா மெல்லச் சொன்னார்: கிணற்றை ஆழப்படுத்தவும் மகனின் படிப்புக்கும் வீட்டு நகைகளை அடகு வைத்து 1,80,000 வாங்கியிருக்கிறார்கள். மகளுக்கு அந்தத் தொகை அதுவரை தெரியாது.

"அண்ணா, மாதம் ஒன்பதாயிரம் கட்டினால் எத்தனை மாதம்?" என்று மகளே கேட்டார். அசலுக்கு இருபது, வட்டியோடு இருபத்திரண்டு என்றேன். "அப்படியென்றால் 2025 மார்ச்" என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார். கம்பெனியில் சேர்ந்தார். ஆனால் சேரும்போதே வெளியே வரும் மாதம் தெரிந்திருந்தது. நகையை மீட்டு, 2025 ஜூனில் பள்ளிக்குப் போனார். முதலில் கேட்ட பள்ளியில் இடமில்லை. கொஞ்சம் தள்ளி இன்னொரு தமிழ்வழிப் பள்ளி. கேரள பி.எஸ்.சி. தமிழ்வழி ஆசிரியர் பணிக்குத் தனியாகவே ஆள் எடுக்கிறது. கே-டெட் என்னும் கேரள ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றவர் என்பதால் அதற்கும் படிக்கிறார். ஜூன் முதல் மார்ச் வரை மாதம் 3,200 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டுவைக்கச் சொன்னேன். ஏப்ரலிலும் மேயிலும் மாதம் பதினாறாயிரம் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் சம்பளம் அது.

இந்தப் பெண்ணை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கம்பெனியில் இருந்த இருபத்திரண்டு மாதமும் தினம் நான்கு மணி நேரம் பஸ்ஸில் போனாலும் அவர் ஒரு நாளும் கடன் வாங்கி வண்டியோ போனோ வாங்கவில்லை. கூடுதல் சம்பளத்தின் பெரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது. நாற்பதாயிரம் வாங்குகிறவர் நாற்பதாயிரத்துக்குத் தகுந்த தவணைகளை எடுத்துக்கொள்கிறார். பிறகு பிடித்த வேலை வாசலில் வந்து நின்றாலும் எழுந்து போக முடிவதில்லை. சம்பளம் கட்டிப்போட்டது என்று அவர் நினைக்கிறார். நான் பார்த்தவரையில் கட்டிப்போடுவது சம்பளத்தை நம்பி வாங்கிய கடன்.

பெருவெம்பிலிருந்து வரும் ஒரு தம்பி இதற்கு நேர் உதாரணம். அந்த ஊர் தோல் வாத்தியங்களுக்குப் பெயர் பெற்றது. பாலக்காட்டு மத்தளத்துக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அவர் வீட்டிலும் மூன்று தலைமுறையாக மத்தளமும் மிருதங்கமும் செய்கிறார்கள். இவர் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். முதல்முறை வந்தபோது அவர் கையைக் கவனித்தேன். வலது கட்டைவிரல் நுனியும் நகக்கண்ணும் கறுத்திருந்தன. மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், கரணை என்னும் கறுப்பு வட்டம் வைத்த கறை. குழைந்த சோற்றோடு ஒருவகைக் கறுப்புக் கல்லின் பொடியைப் பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக அப்பி, ஒவ்வொரு அடுக்கையும் வழவழப்பான கல்லால் தேய்த்துக் காயவைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைச் செய்துவிட்டுத் திங்கட்கிழமை காலை என்னிடம் வந்திருந்தார். "வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன் அண்ணா" என்றார்.

ஆறு மாத வங்கிக் கணக்கைக் கேட்டு வாங்கினேன். ஐந்தாம் தேதி 26,000 வருகிறது. ஏழாம் தேதிக்குள் பைக் தவணை 4,300, போன் தவணை 2,100, தனிநபர் கடன் 5,400. மொத்தம் 11,800 போய்விடுகிறது. அவருக்கென்று மிஞ்சுவது 14,200. பட்டறை வருமானத்தை அவருடைய அப்பாவின் நோட்டிலிருந்து ஆண்டு முழுவதற்கும் கூட்டிப் பார்த்தோம். மார்கழிக் கச்சேரிக்கு முன்பும் தை தொடங்கிச் சித்திரை வரை கேரளக் கோயில் உற்சவ காலத்திலும் வேலை குவியும். மழைக்காலத்தில் தோல் காயாது, ஆர்டரும் வராது. இவர் பங்கு மாதச் சராசரி 17,000 வந்தது.

அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியபோது அவர் வெகுநேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தவணை போகத் தொழிற்சாலைச் சம்பளத்தில் அவருக்கு மிஞ்சுவதைவிடப் பட்டறை கூடுதலாகத் தருகிறது. ஆனாலும் அன்றைக்கே வேலையை விட்டிருந்தால் பதினேழில் பதினொன்று எண்ணூறு போக 5,200 ரூபாயில் குடும்பம் நடத்தியிருக்க வேண்டும். அடுத்த மழைக்காலத்தில் மீண்டும் கடன், மீண்டும் ஒரு தொழிற்சாலை. "முதலில் தவணையை முடியுங்கள் தம்பி, புதிதாக ஒன்றும் எடுக்காதீர்கள்" என்றேன். ஞாயிறு வருமானம் முழுவதையும் தனிநபர் கடனில் கட்டச் சொன்னேன்.

வேலை மாறுவதற்கு முன் இன்னும் சில கணக்குகளைப் பார்த்தாக வேண்டும். தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. நான் இதை எழுதும்போது மாதச் சம்பள வரம்பு 21,000. ஒருவர் 20,500 வாங்கிய இடத்தை விட்டு 23,000-க்கு மாறினார். புதிய இடத்தில் தொடக்கச் சம்பளமே வரம்பைத் தாண்டியதால் இ.எஸ்.ஐ. பிடித்தமே இல்லை. பழைய பங்களிப்பின் பலன் சில மாதங்களில் தீர்ந்தது. அவருடைய அம்மா அதுவரை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் இதயத்துக்கு மருந்து வாங்கிக்கொண்டிருந்தார். சார்ந்து வாழும் பெற்றோருக்கும் அதில் சிகிச்சை உண்டு. 2,500 ரூபாய் உயர்வுக்காக மாறியவர் மருந்துக்கு அதைவிடக் கூடுதலாகச் செலவழிக்கிறார். வீட்டில் நோயாளி இருந்தால் இதை முதலில் பாருங்கள்.

பி.எஃப். பணத்தை வேலை மாறும்போதெல்லாம் எடுத்துவிடுவதும் எங்கள் பகுதியில் வழக்கமாகிவிட்டது. ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டு பணிக்காலம் வேண்டும். ஒவ்வொரு முறையும் முழுவதையும் எடுத்தால் அந்த எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். ஐந்து ஆண்டுக்குள் எடுத்தால் வரியும் வரலாம். பணத்தை எடுக்காமல், யு.ஏ.என். என்னும் உங்கள் நிரந்தர பி.எஃப். எண்ணிலேயே புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கிராஜுவிட்டி: ஐந்தாண்டு முடியச் சில மாதங்களே இருக்கின்றன என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருங்கள். கிராஜுவிட்டிக்குக் கணக்கில் எடுக்கும் கடைசி மாதச் சம்பளம் 18,000 என்றால், அதைப் பதினைந்தால் பெருக்கி இருபத்தாறால் வகுத்து ஐந்து ஆண்டால் பெருக்குங்கள். 51,900 சொச்சம் வரும். பிடித்த தொழிலைத் தொடங்குகிறவருக்கு அது மூன்று மாதச் சோறு.

எண்களுக்கு முன்பு கேட்க வேண்டிய ஒரு கேள்வியும் இருக்கிறது. பிடிக்காதது எது? வேலையா, மேலதிகாரியா, பயணமா? "இந்த வேலை எனக்கு ஒத்துவரவில்லை" என்று சொல்லி வந்தவர்களில் பலர், நாளைப் பிரித்து எழுதச் சொன்னபோது தங்களுக்கு ஒத்துவராதது வாளையாற்று நெரிசல்தான் என்று கண்டுபிடித்தார்கள். ஒருவர் கோவைப்புதூரில் அறை எடுத்துத் தங்கிய பிறகு அதே வேலையை விரும்பிச் செய்கிறார். மேலதிகாரிதான் பிரச்சினை என்றால் துறையை மாற்றுவதற்கு முன் பிரிவை மாற்றிப் பாருங்கள்.

தம்பியின் படிப்புக்காக, அப்பாவின் கடனுக்காகக் கூடுதல் சம்பளத்தைத் தேர்ந்தெடுப்பவர்களைப் பணத்தாசை பிடித்தவர்கள் என்று பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். குடும்பத்தின் தலைக்கு மேல் இருக்கும் கூரையைத் தாங்குவதிலும் ஒரு நிறைவு உண்டு. அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நான் அவர்களிடம் கேட்பதெல்லாம் எந்த மாதம் வரை என்பது ஒன்றுதான்.

பெருவெம்புத் தம்பி போன வாரம் வந்தார். வரும் ஏழாம் தேதியோடு கடைசித் தவணை முடிகிறது. மார்கழிக்குள் கொடுக்க வேண்டிய மூன்று மிருதங்கங்களுக்குப் பலாக் கட்டை கடைந்து வைத்தாயிற்றாம். "அப்படியானால் ராஜினாமாக் கடிதம் எழுதித் தரட்டுமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "ஐந்து வருடம் முடிய நான்கு மாதம் இருக்கிறது அண்ணா. தை பிறக்கட்டும்."