60 யூனிட் மட்டும் போதாது

ஆகஸ்டில், வகுப்பு தொடங்க நாலு நாள் இருக்கும்போது, ஒரு பையன் தன் டிரான்ஸ்கிரிப்டை என் மேசையில் விரித்தான். கூடவே அப்பாவும் வந்திருந்தார். முதல் வருடம் முடித்த பாடங்களின் மதிப்பு 32 யூனிட். உளவியல், ஓவிய வரலாறு, மானுடவியல் என்று எல்லாவற்றிலும் ஏ.

"இன்னும் 28 யூனிட்தானே மேடம்? அடுத்த வருஷம் யு.சி.க்குப் போயிடுவான் இல்ல?"

யு.சி., அதாவது கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பையன் படிக்க நினைப்பது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். பட்டியலில் ஒரு கணிதப் பாடம்கூட இல்லை.

முதல் இரண்டு வருடப் பாடங்களை முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு மாற உதவும் கலிபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ் ஒன்றில் கவுன்சிலராக நான் அடிக்கடி பார்த்து வருந்தும் காட்சி இது. ஒரு தாளை எடுத்துக் கட்டம் போட்டேன். கால்குலஸ் ஒன்று, இரண்டு, மூன்று, அப்புறம் டிஃபரென்ஷியல் ஈக்குவேஷன்ஸ். ஒன்றை முடித்தால்தான் அடுத்ததில் உட்கார விடுவார்கள். கால்குலஸ் தொடங்காமல் இன்ஜினியரிங் மாணவருக்கான இயற்பியலுக்கும் போக முடியாது. அப்பா கட்டங்களை விரலால் எண்ணினார். நாலு செமஸ்டர், அதாவது இரண்டு வருடம். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

யு.சி.யில் மூன்றாம் ஆண்டில் சேர 60 செமஸ்டர் யூனிட் வேண்டும். வருடத்தை இன்னும் சிறிய பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் கணக்கில் 90. அது வாசல்படிதான். உள்ளே விடுவதா என்று முடிவு செய்யும்போது மேஜருக்கான (முதன்மைப் பாடத்துக்கான) முன்பாடங்களைப் பார்ப்பார்கள், இன்ஜினியரிங், கணினி அறிவியலுக்கு இன்னும் கறாராக. பொதுப்பாடத் தொகுப்பான கால்-கெட்சியை முழுதாக முடிக்கும் அவசரத்தில் இவற்றைத் தள்ளிப்போடாதீர்கள்.

சேர்ந்த முதல் வாரமே அசிஸ்ட் இணையதளத்தைத் திறந்து உங்கள் காலேஜ், போக வேண்டிய பல்கலைக்கழகம், மேஜர் மூன்றையும் கொடுங்கள். இடப்பக்கம் அவர்கள் கேட்கும் பாடம் இருக்கும், வலப்பக்கம் அதற்கு ஈடான உங்கள் காலேஜ் பாடம். வலப்பக்கத்தில் இரண்டு பாடங்களுக்கு நடுவே 'அண்ட்' என்று இருந்தால் இரண்டையும் முடிக்க வேண்டும். ஒன்றை மட்டும் முடித்தால் அந்தத் தேவை நிறைவேறாது. ஒரு பாடத் தொடரின் பாதியைக் குவார்ட்டர் காலேஜிலும் மீதியைச் செமஸ்டர் காலேஜிலும் எடுப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். யு.சி.யின் டேவிஸ் கேம்பஸ் கேட்பதை அர்வைன் கேம்பஸ் கேட்காமல் இருக்கலாம். போக நினைக்கும் ஒவ்வொரு கேம்பஸுக்கும் தனித்தனியாகப் பாருங்கள்.

டாக் என்ற இட உத்தரவாதத் திட்டம் ஆறு யு.சி. கேம்பஸ்களில் உண்டு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோவில் கிடையாது. ஒரு கேம்பஸுக்குத்தான் போடலாம், எல்லா மேஜருக்கும் கிடைக்காது. இலையுதிர் காலச் சேர்க்கைக்கு முந்தைய வருடம் செப்டம்பர் 1 முதல் 30 வரைதான் விண்ணப்ப நேரம். செப்டம்பரில் யோசிக்கத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். எந்தப் பாடம் எந்தப் பருவத்தில் என்ற திட்டம் அதற்குள் கையில் இருக்க வேண்டும்.

அன்று கால்குலஸ் வகுப்புகள் எல்லாம் நிரம்பியிருந்தன. மாலை வகுப்பின் காத்திருப்புப் பட்டியலில் மூன்றாவதாகப் பெயர் கொடுத்தான். "முதல் நாளே வகுப்புக்குப் போய் ஆசிரியரைப் பாருப்பா" என்று சொல்லி அனுப்பினேன். இடம் கிடைத்துவிட்டது.