வயதாகும் விங்கர்: எத்தனை நிமிடம் என்று கேளுங்கள்

2025 நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை. வெஸ்ட் ஹாமுக்கு எதிரான கால்பந்து ஆட்டத்துக்கு லிவர்பூல் அறிவித்த முதல் பதினொருவரில் வலது விங்கர் முகமது சாலா இல்லை. கடைசி விசில்வரை பெஞ்சிலேயே இருந்தார். லிவர்பூல் 2-0 என்று ஜெயித்தது. கோலாலம்பூரின் செந்தூலிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் மாமாக் கடைத் திரைகளுக்கு முன்னால் அன்றைக்கு மூண்ட வாக்குவாதம் சுலபத்தில் ஓயவில்லை. "33 வயசாச்சு, உட்கார வெச்சது சரிதான்" என்று ஒரு மேசை. "போன சீசன்ல கப்பு வாங்கிக் கொடுத்தது யாரு?" என்று அடுத்த மேசை. இரண்டு மேசையிலும் நியாயம் இருக்கிறது. 2024–25 பிரீமியர் லீக்கில் சாலா 29 கோல் போட்டார், 18 அசிஸ்ட் (கோலுக்கான பாஸ்) கொடுத்தார், லிவர்பூல் சாம்பியன் ஆனது. அதே மனிதர், அதே கால்கள்.

விளையாட்டுக் காயங்களுக்கு பிசியோதெரபி செய்பவர்கள் இந்த விவாதத்தை வேறு இடத்திலிருந்து பார்க்கிறோம். "இறக்கலாமா, வேண்டாமா" என்ற கேள்விக்கு இரண்டே பதில்தான். தொடைத் தசையோ இன்னும் மூன்று விவரம் கேட்கிறது: எத்தனை நிமிடம், எத்தனை நாள் ஓய்வுக்குப் பிறகு, எந்த இடத்தில். இவை தெரியாமல் சாலாவுக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது, உங்கள் தாமான் அணியில் வலது விங்கில் ஆடும் 43 வயது அண்ணனுக்கும் சொல்ல முடியாது.

கோட்டோரமாக ஓடித் தாக்கும் வீரர்தான் விங்கர். அவர் வேலை என்ன என்று முதலில் பார்ப்போம். நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளம்ப வேண்டும், 20, 30 மீட்டர் முழு வேகத்தில் ஓட வேண்டும், திடீரென்று பிரேக் போட்டுத் திரும்ப வேண்டும். பிறகு நடந்து திரும்பி வந்து மறுபடி அதையே செய்ய வேண்டும். ஆட்டத்தை அளக்கும் ஜிபிஎஸ் கருவிகளில் மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் அது ஸ்பிரிண்ட் கணக்கில் சேரும். நடுக்கள வீரர் ஆட்டம் முழுக்க நிறைய ஓடினாலும் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் ஓடுகிறார். விங்கருக்கு அந்த எல்லைக்கு மேலேதான் பிழைப்பு.

வயது ஏற ஏற, வேகத்துக்கு உதவும் தசை நார்கள் சுருங்கி வலுவிழக்கின்றன. ஆனால் முதல் ஓட்டத்தில் அது தெரியாது. ஐந்தாவது நிமிடத்தில், எதிரணியின் ஓரத் தடுப்பு வீரரான ஃபுல்பேக்கைத் தாண்டிப் போன விங்கரைப் பார்த்து "பாத்தியா, இன்னும் ஓடுறான்" என்று கை தட்டுவோம். ஒரு ஸ்பிரிண்டுக்கும் அடுத்ததுக்கும் இடையில் அவருக்கு எவ்வளவு நேரம் தேவைப்படுகிறது என்பதில்தான் வயது தெரியும். அடுத்த ஆட்டத்தைப் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு 55ஆவது நிமிடத்திலிருந்து அவரை மட்டும் பாருங்கள். ஓடி முடித்ததும் இடுப்பில் கைவைத்து நிற்கிறாரா? காலுக்கு வந்த பந்தை ஆள்மேல் கொண்டுபோகாமல் பின்னாலேயே தள்ளிவிடுகிறாரா? பந்து பறிபோனதும் அவருக்குப் பின்னால் நிற்கும் ஃபுல்பேக் இரண்டு பேரைத் தனியாகச் சமாளிக்கிறாரா? மூன்றும் சேர்ந்து தெரிந்தால் அந்த நாளுக்கான சரக்கு தீர்ந்துவிட்டது. கோல் கணக்கில் இது தெரிய இன்னும் சில வாரம் ஆகும்.

அவர் கை தொடையின் பின்பக்கம் போனால் மட்டும், வெளியே எடுக்க ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது.

அந்தத் தசை கிழியும் கணத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். முழு வேகத்தில் ஓடும்போது கால் முன்னால் வீசப்படுகிறது, முழங்கால் நீள்கிறது. பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, பாய்ந்து வரும் கெண்டைக்காலைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது தொடைப் பின்தசைதான், அதாவது ஹாம்ஸ்ட்ரிங். அந்த நேரத்தில் அது நீண்டுகொண்டே பிடிக்கிறது. கயிற்றை இழுப்பதைவிட, கையை உருவிக்கொண்டு ஓடும் கயிற்றைப் பிடித்து நிறுத்துவது கடினம். அதே போன்ற வேலைதான் இது. பெரும்பாலும் கிழிவது வெளிப்புறத்திலுள்ள நீண்ட தசை. "யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்த மாதிரி இருந்தது" என்பார்கள். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள்.

இந்தக் காயத்துக்கு முக்கியமான காரணங்களில் இரண்டை மாற்ற முடியாது: வயது, ஏற்கெனவே அதே இடத்தில் பட்ட காயம். மாற்றக்கூடியவை தசையின் வலுவும் வாரம் முழுக்கச் செய்யும் பயிற்சியும். நீண்ட காலம் ஆடிய விங்கர்கள் மாற்றக்கூடியதை மாற்றித்தான் ஆடினார்கள். ரையன் கிக்ஸை இளமையில் ஹாம்ஸ்ட்ரிங் படாதபாடு படுத்தியது. யோகாவைப் பிடித்துக்கொண்டார், கோட்டோரத்தை விட்டு மெல்ல நடுக்களத்துக்கு நகர்ந்தார், மான்செஸ்டர் யுனைடெட்டுக்காக 963 ஆட்டம் ஆடி 2014இல் 40 வயதில் ஓய்வு பெற்றார். நம் ஊரிலும் உதாரணம் உண்டு. எஸ். குணாளன் விங்கராகத் தொடங்கியவர், 2010இல் தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ணத்தை வென்ற மலேசிய அணியில் இருந்தவர், பிறகு ஜொகூர் டாருல் தாக்சிமில் வலது ஃபுல்பேக்காக நிலைத்தார். ஃபுல்பேக்குக்கும் ஓட்டம் குறைவில்லை. ஆனால் ஆட்டம் முழுவதும் கண்ணுக்கு முன்னால் இருக்கும், எப்போது கிளம்புவது என்பதை அவரே முடிவு செய்யலாம். முதுகைக் காட்டி நின்று, நின்ற இடத்திலிருந்து ஆளைத் தாண்டும் வேலை குறைவு.

நிமிடக் கணக்குக்கு 2022 உலகக் கிண்ண இறுதியாட்டத்தைவிட நல்ல பாடம் இல்லை. அர்ஜென்டினாவின் ஏஞ்சல் டி மரியாவுக்கு அப்போது 34 வயது. தொடைப் பிரச்சினையால் நாக் அவுட் சுற்றில் அதுவரை எந்த ஆட்டத்திலும் முதல் பதினொருவரில் இல்லை. இறுதியாட்டத்தில் இடது விங்கில் இறக்கினார்கள். பெனால்டி வாங்கிக் கொடுத்தார், 36ஆவது நிமிடத்தில் தானே கோல் போட்டார், 64ஆவது நிமிடத்தில் வெளியே எடுக்கப்பட்டார். 80, 81ஆவது நிமிடங்களில் பிரான்ஸ் இரண்டு கோல் போட்டதால் அவரை எடுத்தது தப்பு என்று இன்றும் வாதாடுபவர்கள் உண்டு. காயத்திலிருந்து வந்த தொடையிடம் அப்படி ஓர் ஆட்டத்தில் 64 நிமிடம் வாங்கியதே பெரிய விஷயம் என்பதுதான் எங்கள் பார்வை. வயதான விங்கரை முதலிலேயே இறக்குவதில் ஒரு வசதியும் உண்டு: முறையாக வார்ம்அப் செய்து சூடான உடம்போடு இறங்குகிறார். ஒரு மணி நேரம் பெஞ்சில் குளிர்ந்துபோய், இரண்டு தரம் குதித்துவிட்டு உள்ளே ஓடுபவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

இனி நம் பாடாங்குக்கு வருவோம். கோலாலம்பூரில் 35 வயதுக்கு மேற்பட்ட அணி எதை எடுத்தாலும், அணியைத் தொடங்கியவர், ஜெர்சிக்குக் காசு போட்டவர், 20 வயதில் மின்னலாக ஓடியவர் என்று ஓர் அண்ணன் இருப்பார். மரியாதையால் அவரை யாரும் உட்காரச் சொல்வதில்லை. வேலை முடிந்து ஜாமில் மாட்டி பத்து நிமிடம் தாமதமாக வருவார், ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே உள்ளே ஓடுவார். வாரம் முழுக்க நாற்காலியில் இருந்த தொடை, முதல் நீண்ட பந்துக்கே முழு வேகம் எடுக்கிறது. திங்கட்கிழமை பிசியோ அறைக்கு நொண்டிக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் கதை இதுதான்.

அவர் ஆடத் தயாரா என்பதை வாய்ப்பேச்சில் முடிவு செய்ய வேண்டாம், அளந்து பாருங்கள். மல்லாந்து படுத்து, ஒரு குதிகாலை 60 சென்டிமீட்டர் உயரமுள்ள பெட்டி அல்லது உறுதியான நாற்காலிமேல் வைக்க வேண்டும், முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். மறு காலைத் தூக்கிக்கொண்டு, குதிகாலை அழுத்தி இடுப்பை மேலே உயர்த்தி இறக்க வேண்டும். ஒரு காலுக்கு 25 தரம் வந்தால் பரவாயில்லை. 20ஐ எட்டவில்லை என்றால், அல்லது ஒரு கால் மற்றதைவிட மிகவும் பின்தங்கினால், விங்கில் ஓடும் வலு அந்தத் தொடைக்கு இன்னும் வரவில்லை.

வலு ஏற்ற நோர்டிக் பயிற்சியைப் போல் மலிவானது வேறில்லை. ஃபீஃபா 11+ வார்ம்அப் திட்டத்திலும் அது இருக்கிறது. மடித்த பாயின் மேல் மண்டியிடுங்கள். நண்பர் பின்னால் அமர்ந்து, கணுக்கால்களை இரு கையாலும் தன் உடம்பு எடை முழுக்கப் போட்டு அமுக்கிப் பிடிக்கட்டும். முழங்காலிலிருந்து தலைவரை ஒரே கோடாக, மெல்ல முன்னால் சாயுங்கள், 3 முதல் 5 விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். தாங்க முடியாத இடத்தில் கைகளை ஊன்றி விழுந்து, கையால் தள்ளியே எழுந்திருங்கள். பெரும்பாலோர் செய்யும் தவறு இடுப்பை மடக்கிப் பின்பக்கத்தைப் பின்னால் தள்ளுவது. அப்படிச் செய்தால் சாய்வது சுலபமாகிவிடும், தொடைக்கு வேலையே இருக்காது. முதல் வாரம் ஒரே நாள், 2 சுற்று, சுற்றுக்கு 3 தரம் போதும். இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டு நாள். ஆறேழு வாரத்தில் 3 சுற்று, சுற்றுக்கு 6 அல்லது 8 தரம் என்று ஏற்றலாம். தொடக்கத்தில் இரண்டு நாள் தொடை கடுக்கும். ஆகவே ஞாயிறு ஆட்டம் என்றால் இதை வெள்ளி, சனியில் செய்யாதீர்கள்.

அதோடு, வாரத்தில் ஒரு நாள் ஆட்டத்துக்கு வெளியே வேகமாக ஓட வேண்டும். புதன்கிழமை 30 மீட்டர் ஓட்டம் நான்கு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 2 நிமிட நடை. முதல் இரண்டு வாரம் 80 சதவீத வேகம் போதும், பிறகு 90. எண்ணிக்கையை ஆறாக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்பிரிண்ட் அடிக்கும் கால்தான் ஞாயிற்றுக்கிழமை கிழிகிறது.

ஆட்ட நாளில் 12 நிமிடம் ஒதுக்குங்கள்: மெல்லோட்டம், கால் வீச்சு, முழங்காலைத் தூக்கி நடை, கடைசியாக 60, 70, 80, 90 சதவீத வேகத்தில் நான்கு ஓட்டம். தாமதமாக வந்தவர் முதல் கால்மணி பெஞ்சில்தான், அண்ணனாக இருந்தாலும் சரி. மாலை 5 மணி வெயிலும் புழுக்கமும் தசைக் களைப்பைச் சீக்கிரம் கொண்டுவரும். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒன்றரை லிட்டர் நீர், கொஞ்சம் உப்போடு, அடுத்த சில மணி நேரத்தில் உள்ளே போக வேண்டும். இரவு 11 மணிக்கு ஃபுட்சாலை முடித்து, நள்ளிரவு ரொட்டி சானாய்க்குப் பிறகு 2 மணிக்குப் படுத்தால், அந்தக் கால் மறுநாள் மாலை ஆட்டத்துக்கு ஆகாது. முழு ஆட்டத்துக்குப் பிறகு 72 மணி நேரம் இடைவெளி கொடுங்கள்.

கிழிந்துவிட்டால் முதல் இரண்டு நாளில் செய்யும் தவறுகள்தான் வாரங்களை நீட்டுகின்றன. உருவிவிடுவது, சூடேற்றும் எண்ணெய், பியர் மூன்றும் உள்ரத்தக் கசிவைக் கூட்டலாம். துணி சுற்றிய ஐஸ் 15 நிமிடம், அமுக்கிக் கட்டும் பேண்டேஜ், நொண்டாமல் முடிந்த அளவு நடை. சின்னக் கிழிசலுக்கு ஒன்று முதல் மூன்று வாரம், நடுத்தரத்துக்கு நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். பத்தாம் நாள் நடக்கும்போது வலிக்கவில்லை என்று இறங்குகிறவர்தான் அதே இடத்தில் மறுபடி கிழித்துக்கொள்கிறார். மறுபடி இறங்க, அமுக்கினால் வலிக்கக் கூடாது, இடுப்பை உயர்த்தும் சோதனையில் இரு கால் எண்ணிக்கையும் ஒன்றாக வேண்டும், 90 சதவீத ஓட்டமும் திடீர் நிறுத்தமும் வலியின்றி வர வேண்டும். கணுக்காலுக்குப் பின்னால் "பட்" என்று சத்தம் கேட்டால் அது வேறு விஷயம். குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைக்காலைப் பிசைந்து பாருங்கள். பாதம் அசையவில்லை என்றால் குதிகால் தசைநாண் (அக்கிலிஸ்) அறுந்திருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. நம்மவர்களிடையே நீரிழிவு அதிகம். 40ஐத் தாண்டியவர், சர்க்கரை, இரத்த அழுத்தம், புகை இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் இதயத்தைப் பரிசோதித்துக்கொண்ட பிறகே ஆட வேண்டும். ஓடும்போது நெஞ்சு இறுகினால், தலை சுற்றினால் ஆட்டம் அங்கேயே நிற்க வேண்டும், 999க்கு அழைக்க வேண்டும். "வாயுப் பிடிப்பு" என்று உட்கார்ந்து பார்க்கும் நேரம் அது இல்லை.

கடைசியாக, அண்ணனிடம் எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை கோட்டோரத்தில், எல்லார் முன்னிலும் சொல்லாதீர்கள். வியாழக்கிழமையே அவருக்கு ஃபோன் செய்யுங்கள். "அண்ணே, எதிர் டீம் ஃபுல்பேக் ரெண்டாவது பாதியில தொங்கிடுவான். கடைசி 20 நிமிஷம் உங்களுக்கு. ஆட்டம் ஓடிக்கிட்டு இருக்கும்போதே கோட்டுக்கு வெளியில வார்ம்அப் ஆரம்பிச்சிடுங்க, நான் கூட ஓடுறேன்."