மாதிரி விமானத்தின் கண்ணாடி ஏன் வெளுக்கிறது?

மாதிரி விமானத்தின் இறக்கையை ஒட்டும்போது பசை சற்று வழிந்தாலும் உப்புத்தாளால் தேய்த்து வண்ணம் பூசிவிடலாம். விமானி அமரும் காக்பிட்டின் கண்ணாடிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒட்டிச் சேர்க்கும் பாகங்களாக விற்கும் பெரும்பாலான கிட்டுகளில் அதுவும் மற்றப் பாகங்களைப் போலப் பாலிஸ்டைரின் என்ற பிளாஸ்டிக்தான் என்றாலும், நிறமி சேராத அந்தத் தெளிந்த வகை எளிதில் விரிசல் விடும். பட்ட துளியையும் கீறலையும் அப்படியே காட்டிக்கொடுக்கும்.

கிட்டுக்கென விற்கும் திரவ சிமெண்ட் கரைப்பானாக வேலை செய்கிறது. பியூட்டனோன், பியூட்டைல் அசிட்டேட் போன்றவை பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை இளக்கி, இருபுறத்து நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளும் பின்னிக்கொள்ளச் செய்துவிட்டு ஆவியாகின்றன. மூட்டு உறுதியானதே, ஆனால், வார்ப்பின்போது கண்ணாடிக்குள் தங்கிவிட்ட இறுக்கம் கரைப்பான் பட்ட இடத்தில் நுண்விரிசல்களாக வெளிப்படுகிறது.

ஃபெவிக்விக் வகைப் பசையான சயனோஅக்ரிலேட்டின் கதை வேறு. 1942இல் அமெரிக்காவில் ஹாரி கூவரின் குழு துப்பாக்கியின் குறிநோக்கிக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தேடியபோது, தொட்டதிலெல்லாம் ஒட்டுகிறதென்று ஒதுக்கிவைத்த பொருள் அது. தெளிவை நாடிச் சென்றவர்கள் கண்டெடுத்ததே இன்று கண்ணாடியை வெளுக்க வைப்பது வேடிக்கைதான். ஈரம் பட்டதும் அதன் சிறு மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாக இணைய, அது பலபடியாகி இறுகுகிறது. இறுகாமல் எஞ்சியதிலிருந்து எழும் ஆவி, காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து வெண்துகளாகப் படிகிறது. விரல் பட்ட இடத்தில் ரேகை ரேகையாகவே அது துலங்குவதுண்டு. தடயவியல் ஆய்வகங்களில் மறைந்த கைரேகையை வெளிக்கொணர்வதும் இதே வினையால்தான். காக்பிட்டை மூடிய பிறகு உட்புறப் படலத்தைத் துடைக்க வழியில்லை.

ஆகவே காற்றின் ஈரத்தையும் கவனிக்க வேண்டும். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டை அடையும்போது காற்று குளிர்வதால், நீராவி கூடாவிட்டாலும் ஒப்பு ஈரப்பதம், அதாவது காற்று கொள்ளக்கூடிய நீராவியில் இருக்கும் பங்கு, உயர்ந்துவிடுகிறது. ஐப்பசி மழையில் சன்னல் வழியே மேகமே உள்ளே வரும். அங்கே இந்த வெண்படலம் மிகும். சேலத்துச் சித்திரை மதியத்தையும் நம்பிவிட முடியாது. வறண்ட காற்றில் பசை மெதுவாக இறுகுவதால் ஆவி நெடுநேரம் எழும்.

கண்ணாடிக்கு நான் பரிந்துரைப்பது வெள்ளை ஃபெவிகால். நீரில் மிதக்கும் பாலிவினைல் அசிட்டேட் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதே அதன் வெண்மைக்குக் காரணம். நீர் வெளியேற வெளியேறத் துகள்கள் நெருங்கி ஒன்றாகிவிட, ஒளியைச் சிதறடிக்க இடையெல்லைகள் இல்லாமல் படலம் தெளிகிறது. அது பாலிஸ்டைரினைக் கரைப்பதில்லை. பல்குத்தும் குச்சியின் நுனியால் விளிம்பில் மெல்லிய கோடாக இட்டு, வழிந்ததை ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம். பிடிப்பு குறைவுதான், ஆயினும் கண்ணாடி எந்தச் சுமையையும் தாங்குவதில்லையே!

ஏற்காட்டில் இதற்கும் பொறுமை வேண்டும். மழைநாளில் நீர் மெதுவாகவே வெளியேறும். மார்கழி இரவின் கடுங்குளிரிலோ துகள்கள் போதிய அளவு இளகாததால், ஒன்று சேராமல் வெளுத்தபடியே காய்ந்துவிடக்கூடும். பழைய குண்டு பல்பின் அருகே சற்றுத் தள்ளி வைத்தால் இரண்டு குறையும் தீரும். ஹேர் டிரையரை நெருக்கிப் பிடிப்பது ஆபத்து. பாலிஸ்டைரின் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கிவிடும்.