பொதிக்குதிரையை வாடகைக்கு எடுக்கும் முன் அதன் முதுகைத் தொட்டுப் பாருங்கள்

கொடைக்கானலுக்குக் காரில் ஏறி ஏரியைச் சுற்றிவிட்டு இறங்கிவிடுகிறவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை, இந்த மலையில் இன்னும் பல இடங்களுக்கு அரிசியும் சிமெண்டும் கேஸ் சிலிண்டரும் குதிரை முதுகில்தான் போகின்றன. வட்டக்கானலுக்குக் கீழே இருக்கும் வெள்ளகவிக்குப் பல தலைமுறையாகச் சரக்கு போனது குதிரையில்தான். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கம் ஜீப் போகாத தோட்டங்களிலிருந்து காபி, மிளகு, மலைவாழை எல்லாம் ரோட்டுக்கு வந்து சேர்வதும் அப்படித்தான். இப்போது இதோடு மலையேற்றக் கூட்டமும் சேர்ந்துகொண்டது, கூடாரம், பாத்திரம், தண்ணீர் கேன் எல்லாவற்றையும் ஒரு குதிரை மேல் கட்டிவிட்டுக் கையை வீசிக்கொண்டு நடக்கலாம் என்று வருகிறார்கள். தப்பில்லை. ஆனால் அந்தக் குதிரை அடுத்த வாரம் என்னிடம் வரும்போது எப்படி இருக்கிறது என்பதை நான் பார்க்கிறேன். நான் கால்நடை மருத்துவன், இந்தக் கட்டுரை குதிரைக்காரர்களைவிடக் குதிரையை வாடகைக்குப் பேசுகிறவர்களுக்காகத்தான்.

காரணம் இருக்கிறது. எவ்வளவு ஏற்றுவது என்பதைக் குதிரைக்காரர் முடிவு செய்கிறார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அதை முடிவு செய்வது கூலி பேசுகிற விதம். மூட்டைக்கு இவ்வளவு என்று பேசினால், நாலு நடை போக வேண்டியதை மூன்று நடையில் முடிக்கத்தான் யாரும் பார்ப்பார்கள், அவருக்கும் வீடு இருக்கிறது, கொள்ளும் தவிடும் விற்கிற விலை நமக்குத் தெரியும். "சார், அது பழகிப்போச்சு, தாங்கும்" என்பார். தாங்கும்தான். குதிரை வேட்டையாடப்படுகிற இனம், வலியை வெளியே காட்டினால் காட்டில் பிழைக்க முடியாது என்று அதன் உடம்புக்குத் தெரியும், அதனால் நொண்டுகிற வரைக்கும் தாங்கும். ஆகவே முதல் வேண்டுகோள்: மூட்டைக் கணக்கில் பேசாதீர்கள், நாள் கணக்கில் பேசுங்கள். இதைச் செய்த தோட்டங்களில் புண்ணோடு வரும் குதிரைகள் குறைந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? பாரம் சுமக்கும் விலங்குகளுக்கு என்று 1965-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கழுதைக்கு 50 கிலோ, கோவேறு கழுதைக்கு 200 கிலோ, இதற்கு மேல் ஏற்றக்கூடாது. ஒரு நாளைக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில் மதியம் 12 முதல் 3 வரை பாரமே கூடாது. கடைசி விதி கொடைக்கானல் உச்சியில் இருப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம், கோடையில் பெரியகுளம் அடிவாரத்திலிருந்து ஏறுகிற குதிரைக்குச் சிரிப்பாக இருக்காது.

சிமெண்ட் மூட்டை 50 கிலோ. பக்கத்துக்கு ஒன்று கட்டினால் 100, அங்கேயே விதி போய்விட்டது. யூரியா 45, இரண்டு கட்டினால் 90. நிரம்பிய வீட்டு சிலிண்டர் ஒன்று ஏறக்குறைய 30 கிலோ வரும், இரண்டு போட்டால் கணக்குக்குள் இருக்கிறது, ஆனால் உருண்டையான இரும்பு ஒவ்வோர் அடிக்கும் விலாவில் மோதும், அதற்குத் தனி மெத்தை வேண்டும். அப்புறம் அந்தக் கோவேறு கழுதை 200 கிலோ. அது சமதளத்தில் நடக்கும் நல்ல வாட்டசாட்டமான விலங்குக்குப் பொருந்தலாம், வழுக்கும் செம்மண் ஏற்றத்தில் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடாதீர்கள்.

உண்மையில் 70 கிலோவும் நம்மூர் மட்டக்குதிரைக்கு அதிகம்தான். சேணத்தையும் சேர்த்து உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு, நாலில் ஒரு பங்கைத் தாண்டவே கூடாது. குதிரையை எந்தத் தராசில் நிறுத்துவது என்று கேட்பீர்கள். தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்து, அந்த எண்ணை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரை உள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும், அளவுகள் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். நெஞ்சுச் சுற்றளவு 140, நீளம் 130 என்றால் சுமார் 214 கிலோ. ஐந்தில் ஒரு பங்கு என்றால் 43 கிலோதான், அதில் சேணமும் மெத்தையும் போக மிச்சம் என்ன என்று நீங்களே பாருங்கள். மேலே ஏறி உட்காரும் மனிதன் குதிரையின் அசைவுக்கு ஏற்பத் தானும் அசைவான். மூட்டை அசையாது. அதே எடை என்றாலும் மூட்டைதான் முதுகை அதிகம் வதைக்கும்.

சரி, முதுகுக்கு வருவோம். வாடகை பேசும்போதே சேணத்தைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற யோசித்தால் அந்தக் குதிரை வேண்டாம், அவ்வளவுதான். கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில் ஆரம்பித்து முதுகெலும்பின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை அழுத்தி இடுப்பு வரை கொண்டுபோங்கள். நல்ல முதுகு என்றால் குதிரை கண்டுகொள்ளாது. ஓரிடத்தில் தோல் துடித்தால், முதுகைக் கீழே தாழ்த்தினால், காதைப் பின்னுக்கு மடித்தால் அங்கே வலி இருக்கிறது. சூடாக, லேசாக வீங்கி இருந்தால் இரண்டு நாளில் அது புண்ணாகும். கருப்பு, செம்பழுப்புக் குதிரைகளில் முதுகு மேட்டில் மட்டும் திட்டுத்திட்டாக வெள்ளை முடி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், சிலர் அதைப் பிறவி அழகு, ராசி என்றுகூடச் சொல்வார்கள். பெரும்பாலும் அது பழைய சேணப்புண் ஆறிய தழும்பு, அழுத்தத்தில் முடியின் வேர் கெட்டுப்போய் வெள்ளையாக முளைத்தது. குதிரையின் வேலை வரலாறு முழுக்க அங்கே எழுதியிருக்கும்.

புண் வந்துவிட்டால் மருந்து நான் தருவேன், ஆனால் மருந்தைவிட ஓய்வுதான் ஆற்றும். மஞ்சள், வேப்பெண்ணெய் போட்டு மேலே சாக்கை விரித்து மறுநாளே மூட்டை ஏற்றுவது நடக்கிறது, அப்படிச் செய்த புண்தான் எலும்பு வரை போய்ப் புழு வைத்து வருகிறது.

பாரம் கட்டுவதில் எடையைவிடச் சமநிலை முக்கியம். இரண்டு பக்க மூட்டையையும் தொங்கு தராசில் நிறுத்துக் கட்டுங்கள், ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். கண்ணளவு, கையளவு எல்லாம் வேண்டாம். ஒரு பக்கம் கனத்தால் சேணம் சரியும், சரிந்ததைச் சரிக்கட்ட இலேசான பக்கம் ஒரு கல்லைச் செருகுவார்கள், ஆக எடையும் கூடிவிட்டது. முதுகெலும்பின் நேர் மேலே எதுவும் படக்கூடாது, மெத்தைக்கு நடுவில் காற்று போகும் இடைவெளி தெரிய வேண்டும். அடுப்பு, டப்பா, கூடாரக் கம்பி மாதிரி முனையுள்ள சாமான்களைத் துணியில் சுற்றி வெளிப்பக்கம் வையுங்கள். நைலான் கயிறு தோலை அறுக்கும், பருத்திக் கயிறு நல்லது.

ஏற்றத்தில் சேணம் பின்னால் போகும், அதற்கு மார்பு வார். இறக்கத்தில் முன்னால் வரும், அதற்கு வால் வார் அல்லது பின்தொடையைச் சுற்றிய பட்டை. கோவேறு கழுதைக்கு முதுகு மேடு தட்டையாக இருப்பதால் இந்தப் பின்பட்டை இல்லாமல் கும்பக்கரை இறக்கம் மாதிரியான பாதையில் இறக்கினால் மொத்தப் பாரமும் தோளில் வந்து விழும். வால் வாரைச் சணல் கயிற்றில் செய்தால் வாலடியில் புண் வரும், யாரும் வாலைத் தூக்கிப் பார்க்காததால் அது கடைசியில்தான் தெரியும். பார்க்கிற பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

வேர்த்த குதிரைக்குத் தண்ணீர் காட்டக்கூடாது என்று ஊரில் ஒரு நம்பிக்கை. காட்டலாம், காட்ட வேண்டும். ஓடை வரும் இடமெல்லாம் குடிக்க விடுங்கள். வேலை செய்கிற குதிரைக்கு நாளைக்கு 30, 40 லிட்டர் தேவைப்படும், அது இல்லாவிட்டால்தான் குடலில் தீனி இறுகி வயிற்றுவலி வரும். வயிற்றுவலி வந்த குதிரை தீனியை விட்டுவிடும், தன் விலாவையே திரும்பித் திரும்பிப் பார்க்கும், முன்காலால் தரையைப் பறிக்கும், படுத்துப் புரளும், சாணி போடாது. அப்போது மூங்கில் குழாயில் கஷாயமோ எண்ணெயோ ஊற்றாதீர்கள், தயவுசெய்து. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, வயிறு ஏற்கெனவே நிரம்பியிருந்தால் ஊற்றுவது வெடிக்கிற அளவுக்குக் கொண்டுபோகும், தவறி மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரல் கெடும். தீனியை எடுத்துவிட்டு, மெதுவாக நடத்திக்கொண்டே மருத்துவருக்குச் சொல்லுங்கள். 1962-க்குக் கூப்பிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும், ஆனால் அது ரோடு வரைக்கும்தான் வரும் என்பதை மலைக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே பாதி வழியில் வயிற்றுவலி தெரிந்தால் பாரத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு ரோட்டுப் பக்கம் திரும்புங்கள்.

இன்னொன்று, இதை இங்கே யாரும் பேசுவதில்லை. மழையால் மூன்று நாலு நாள் வேலையில்லாமல் குதிரை கட்டியே கிடக்கும். பாவம், நன்றாகச் சாப்பிடட்டும் என்று கொள்ளும் தானியமும் வழக்கமான அளவிலேயே போடுவார்கள். மழை விட்டதும் முழுப் பாரம். அரை மணி நேரம் நடந்ததும் இடுப்புச் சதை கல்லாக இறுகி, குதிரை வேர்த்துக் கொட்டி, ஓரடி எடுத்துவைக்காமல் நின்றுவிடும், மூத்திரம் காபி நிறத்தில் போகும். அடம்பிடிக்கிறது என்று அடிப்பார்கள். அது அடம் இல்லை, சதை நார்கள் உடைந்து அதன் சாயம் சிறுநீரகம் வழியாக வெளியே வருகிறது, அந்த நிலையில் அடித்து நடத்தினால் சிறுநீரகமும் போய்விடும். அப்படியே நிறுத்துங்கள், பாரத்தை இறக்குங்கள், போர்வை போடுங்கள், தண்ணீர் காட்டுங்கள். ஓய்வு நாட்களில் தானியத்தைப் பாதிக்கும் கீழே குறைத்துப் புல்லை மட்டும் வயிறார போட்டால் பெரும்பாலும் இது வராது.

குளம்பைப் பற்றி நிறையச் சொல்லலாம், சுருக்கமாக: ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை லாடம் மாற்ற வேண்டும், புறப்படும் முன்பும் சேர்ந்த பின்பும் நாலு குளம்பையும் தூக்கிப் பார்த்து இடுக்கில் உள்ள கல்லைக் கிளற வேண்டும். ஆணி குத்தினால் சின்னக் காயம்தானே என்று விடாதீர்கள். வீட்டு விலங்குகளில் டெட்டனஸ் மிக எளிதாகத் தாக்குவது குதிரையைத்தான், வந்தால் காப்பாற்றுவது கடினம், ஊசியோ விலை குறைவு. வாடகை பேசும்போது டெட்டனஸ், வெறிநாய் ஊசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆள் வருவதற்குள் போட்டுவிடுவார்கள்.

மலையேற்றக் குழுக்களுக்குத் தனியாகக் கொஞ்சம். வனத்துறை அனுமதி உங்களுக்கு இருந்தால் குதிரைக்கும் இருக்கிறது என்று அர்த்தமில்லை, தனியாகக் கேட்டு வாங்குங்கள். கொடைக்கானல் மலையின் பெரும்பகுதி இப்போது வனவிலங்கு சரணாலயம், சரணாலயத்திலும் அதைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள்ளும் உள்ள கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போடும் ஏற்பாடு 1972 வனவிலங்குச் சட்டத்திலேயே இருக்கிறது, நம் குதிரையின் நோய் காட்டுமாட்டுக்குப் போகக்கூடாது என்பதற்காக. சாணியில் களை விதைகள் முளைக்கும் என்பதால் புல்வெளிப் பக்கம் போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே சுத்தமான தீனி கொடுங்கள்.

குதிரைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி ஓட்டினால், இடையில் ஒரு முழம் மெல்லிய சணல் சேர்த்துக் கட்டுங்கள், காட்டுமாடு குறுக்கே வந்து ஒன்று மிரண்டு பள்ளத்தில் சரிந்தால் சணல் அறுந்து மற்றவை பிழைக்கும். இரவில் தனி மரத்தில் கட்டினால் வேரைக் கிளறிப் பட்டையைத் தின்றுவிடும். இரண்டு மரங்களுக்கு நடுவில் தலைக்கு மேல் உயரத்தில் கயிறு இழுத்து அதில் கட்டுங்கள்.

மேய விடும்போது பாதையோரம் கொத்துக்கொத்தாக வெள்ளைப் பூ பூக்கும், தண்டு கருஞ்சிவப்பாக இருக்கும் ஒரு களைச்செடியைக் கவனியுங்கள், மெக்சிகோவிலிருந்து வந்து நீலகிரி, பழனி மலை ஈரச் சரிவுகளில் எல்லாம் பரவிவிட்டது. மாடு தின்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது. குதிரை மாதக்கணக்கில் தின்றால் நுரையீரல் தழும்பேறி மூச்சு வாங்கும், இருமும், அதற்கு மருந்து கிடையாது. ஏற்றத்தில் திடீரென்று மூச்சு இளைக்கிற குதிரையைச் சோம்பேறி என்று சொல்லும் முன் அது எங்கே மேய்கிறது என்று பாருங்கள். பூக்கிற பருவத்தில் ஆபத்து இன்னும் அதிகம்.

அப்புறம் மூக்கில் சளி, கெட்டியான சீழ், உடம்பில் உடையும் கட்டிகள் இருந்தால் அந்தக் குதிரையை நெருங்காதீர்கள், கிளாண்டர்ஸ் என்ற நோயாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும், அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்.

கடைசியாக ஒன்று. சரக்கை இறக்கியதும் காலியாகத் திரும்பும் குதிரையில் கூட வந்த பிள்ளைகள், சில சமயம் பெரியவர்களே ஏறிக்கொள்கிறார்கள், குதிரைக்காரரும் நூறு இருநூறு கிடைக்கும் என்று ஒன்றும் சொல்வதில்லை. பொதிச் சேணம் மனிதர் உட்காரச் செய்ததில்லை, கால் வைக்க வளையம் கிடையாது, இறக்கத்தில் குதிரை இடறினால் பிடித்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. அந்த நூறு ரூபாயை முதலிலேயே நாள் கூலியில் சேர்த்துக் கொடுத்துவிட்டு நடந்து வாருங்கள்.